இருபத்து மூன்றாம் எண்ணுக்குக் கோடு இல்லை

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் அதற்குள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம்.

ஒரே பள்ளிக்கூடம், ஒரே நாலாம் வகுப்பு, இரண்டு பிரிவு. ஒன்றுக்கு அண்ணி டீச்சர், மற்றதற்கு நாத்தனார் டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் பெரிய டீச்சர், சின்ன டீச்சர். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்படியில் நின்றால் பாத்திரம் பறக்கும் என்பார்கள். இவர்களோ இரண்டு வகுப்புக்கும் நடுவே இருந்த பலகைத் தடுப்பையே எடுத்துவிட்டார்கள். கழற்றிக் கொடுத்தவர் பெரிய டீச்சரின் கணவர், தச்சர். இப்போது ஐம்பத்தோரு பிள்ளைகள், ஒரு அறை, இரண்டு டீச்சர். ஒருத்தி கரும்பலகைப் பக்கம் நின்றால் மற்றவள் பெஞ்சு பெஞ்சாகப் போய் உட்கார வேண்டும். "கல்வி அதிகாரி வந்து பார்க்கட்டும். அவர் சரின்னா சரி. இல்லைன்னா மறுநாளே தடுப்பு பழைய இடத்துக்குப் போயிடும்" என்று தலைமை ஆசிரியை கறாராகச் சொன்னதோடு போன வாரம் நிறுத்தினோம்.

அந்த அதிகாரி வருகிற நாள்தான் இன்று.

காலையிலிருந்தே பெரிய டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வலது காலில் ஒரு செருப்பும் இடது காலில் வேறு செருப்புமாக வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"பரீட்சை பிள்ளைங்களுக்கா, உனக்கா?" என்றார் கணவர், டீயை உறிஞ்சிக்கொண்டே.

"கிண்டலா பண்றீங்க? நீங்க கழட்டின தடுப்பு. திரும்ப மாட்டச் சொன்னா நீங்கதான் மாட்டணும், ஞாபகம் இருக்கட்டும்."

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் தடதடவென்று இறங்கி வந்தாள். வழக்கமாக வரும்போதே ஒரு கதையோடு வருகிறவள், இன்று வாசலில் நின்று "போலாமா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். பதற்றம் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

"சில்வண்டு! தண்ணி பாட்டில் எடுத்தியா?"

"எடுத்தேன்."

சில்வண்டு என்பது பெரிய டீச்சரின் மகள். ஒன்பது வயது. வாய் மூடாமல் கத்திக்கொண்டே இருப்பாள் என்று அத்தைக்காரி தொட்டிலில் பார்த்தபோதே வைத்த பெயர். தண்ணி பாட்டில் எடுத்தியா என்று கேட்டால் பாட்டிலின் மூடி ஏன் நீலம், போன வருஷத்து மூடி எங்கே தொலைந்தது, அதை யார் மிதித்தார்கள் என்று பதினோரு வாக்கியம் வந்த காலம் உண்டு. இப்போதெல்லாம் ஒரு வார்த்தைதான் வருகிறது. பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பெரிய டீச்சர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். பெற்ற வயிறு அப்படித்தான் நினைக்கும், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அதிகாரி சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். நெடுநெடுவென்று உயரம். முன்னால் போட்ட நாற்காலி வேண்டாமென்று கடைசி பெஞ்சில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பையன் பரிதாபப்பட்டு, "காலை வெளிய நீட்டிக்குங்க சார், டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான். தலைமை ஆசிரியை கதவோரம் நின்றுகொண்டார்.

பெரிய டீச்சர் எழுந்து பேசினாள். மனப்பாடம் செய்து வைத்திருந்தது கடகடவென்று வந்தது.

"எண்ணிப் பார்த்து அட்டவணை போடறது கணக்குப் பாடத்துல வருது சார். வழக்கமா நாங்களே கேள்வி கொடுப்போம். இந்தத் தடவை கொடுக்கல. அஞ்சு குழு. அவங்களே ஒரு கேள்வி எடுக்கணும், மூணு வாரம் அவங்களே எண்ணணும், அவங்களே வந்து சொல்லணும். நடுவுல நாங்க மூக்கை நுழைக்க மாட்டோம், அவங்க நோட்டைத் திறந்துகூடப் பார்க்க மாட்டோம்னு வாக்குக் கொடுத்திருக்கோம். இன்னிக்குத்தான் நாங்களும் முதல் தடவையா பார்க்கறோம்."

அதிகாரி எழுதிக்கொண்டார். சின்ன டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

முதல் குழு, ஜன்னல் விளிம்பில் எந்தப் பறவை அதிகம் உட்காருகிறது என்று எண்ணியிருந்தது. காகம் அமோகமாக ஜெயித்திருந்தது. இரண்டாவது குழு, கைகழுவும் இடத்தில் ஒழுகும் குழாய்க்கு அடியில் குவளையை வைத்து, ஒரு நாளைக்கு எத்தனை குவளை வீணாகிறது என்று சொல்லியது. தலைமை ஆசிரியை முகம் சிவந்து, "இன்னிக்கே ஆளைக் கூப்பிடறேன்" என்றார். வகுப்பே கைதட்டியது. மூன்றும் நான்கும்கூட நன்றாகவே போயின. அதிகாரியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. பெரிய டீச்சருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நாத்தனாரைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை.

ஐந்தாவது குழு வந்தது. அதன் தலைவி ஒரு தடித்த கண்ணாடிக்காரி. ஆளை விடப் பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து, இரண்டு பேரை இரண்டு பக்கமும் பிடிக்கச் சொல்லி விரித்தாள். ஒன்றிலிருந்து ஐம்பத்தொன்று வரை வருகைப் பதிவேட்டு எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே சிவப்புக் கோடுகள், நீலக் கோடுகள். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, பாடத்தில் சொன்னபடியே அச்சாக இருந்தது.

"எங்க கேள்வி," என்றாள் கண்ணாடிக்காரி, தொண்டையைச் செருமிக்கொண்டு. "டீச்சர் கேள்வி கேட்கும்போது யாரை எத்தனை தடவை கூப்பிடறாங்க? சிவப்பு பெரிய டீச்சர். நீலம் சின்ன டீச்சர். பேர் போட்டா யாராவது அழுவாங்கன்னு நம்பர் போட்டிருக்கோம்."

தலைமை ஆசிரியைக்கு இருமல் வந்தது. பெரிய டீச்சருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடப் பாவிகளா, என்னையேவா எண்ணினீர்கள் என்று ஒரு செல்லக் கோபம். அப்புறம் தாளைப் பார்த்தாள்.

"அதிகமா கூப்பிட்டது பதினெட்டாம் நம்பரை. முப்பத்து நாலு தடவை. முதல் பெஞ்சுல இருக்கறவங்களைத்தான் ரெண்டு டீச்சரும் நிறைய கூப்பிடறாங்க. கடைசி பெஞ்சுக்கு ரொம்பக் கம்மி. எல்லாருக்கும் சிவப்பும் இருக்கு, நீலமும் இருக்கு. ஒருத்தருக்கு மட்டும் சிவப்புல ஒரு கோடுகூட இல்லை. இருபத்து மூணாம் நம்பர்."

அதிகாரி எட்டிப் பார்த்தார். "இருபத்து மூணு என்ன, மூணு வாரமா லீவா?"

"இல்ல சார். தினமும் வர்றா. நீலத்துல ஏழு கோடு இருக்கு பாருங்க."

"அப்ப கை தூக்க மாட்டாளோ?"

"நாங்களும் முதல் நாளே அப்படித்தான் சார் நினைச்சோம்," என்றாள் கண்ணாடிக்காரி. அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அதனால கை தூக்கினதையும் எண்ணினோம். பெரிய டீச்சர் பாடத்துல முதல் வாரம் இருபத்தாறு தடவை தூக்கினா. ரெண்டாவது வாரம் ஒன்பது. மூணாவது வாரம் தூக்கவே இல்லை."

"யாரும்மா அந்த இருபத்து மூணு?"

பெரிய டீச்சருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஐம்பத்தோரு எண்ணும் ஐம்பத்தோரு முகமும் அத்துப்படி. அவளுக்குத் தெரிந்துவிட்டது. 

"டீச்சரோட பொண்ணு சார்," என்றது ஒரு குரல், பின்னாலிருந்து, ரொம்பச் சாதாரணமாக.

 கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பினால் வெட்டினவன் எப்படி நிற்பான்? அப்படி நின்றாள் பெரிய டீச்சர். கண் தானாக மூன்றாவது வரிசை ஓரத்துக்குப் போயிற்று. சில்வண்டு தாளைப் பார்க்கவில்லை. பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருஷத் தொடக்கத்தில், யாரோ ஒரு பிள்ளையின் அம்மா பள்ளி கேட்டுக்கு வெளியே நின்று, "டீச்சர் பொண்ணு அதே கிளாஸ்லயாம், அப்புறம் முதல் மார்க் யாருக்குப் போகும்னு கேட்கணுமா?" என்று சொன்னது பெரிய டீச்சரின் காதில் விழுந்தது. அன்றைக்கே முடிவு செய்தாள். பள்ளி வாசலுக்குள் வந்துவிட்டால் அவள் அம்மா இல்லை, டீச்சர் மட்டும்தான். ஒரு சலுகை கிடையாது, ஒரு சிரிப்புகூட அதிகம் கிடையாது. யாரும் விரல் நீட்டக் கூடாது. பாரபட்சம் இல்லாமல் நடந்துகொள்கிறோம் என்று தினமும் நிம்மதியாகத் தூங்கினாள். இருபத்தாறு தடவை அந்தச் சின்னக் கை மேலே போய் மேலே போய் இறங்கியிருக்கிறது, தன் கண் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது. இது ஒரே வாரத்துக் கணக்கு. அதற்கு முந்தின மாதங்களை யார் எண்ணினார்கள்?

அதிகாரி நல்ல மனுஷர். பேச்சை மாற்றினார். "சரி, இந்த அட்டவணைல இருந்து நமக்கு என்ன தெரியுது? யார் சொல்றீங்க?"

இருபது கைகள் உயர்ந்தன. இருபத்து மூன்றாம் எண்ணின் கை உயரவில்லை.

பெரிய டீச்சர் என்ன நினைத்தாளோ, அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. "நீ சொல்லும்மா," என்றாள் மகளைப் பார்த்து. 

ஐம்பது தலைகளும் திரும்பின. சில்வண்டு எழுந்தாள். விடை அவளுக்குத் தெரியும். அந்த அறையில் வேறு யாருக்கும் தெரிந்ததைவிட அதிகம் தெரியும்.

"தெரியாது டீச்சர்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இடைவேளை மணி அடித்ததுதான் தாமதம், பெரிய டீச்சர் நாத்தனாரின் கையைப் பிடித்து ஆசிரியர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பேர் நிற்கத்தான் இடம்.

"உனக்குத் தெரியும்."

சின்ன டீச்சர் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"நான் பாடம் எடுக்கறப்ப நீதானே பெஞ்சு பெஞ்சா போய் உட்கார்றே? அதுங்க சிவப்புப் பென்சிலால கோடு போடறதைப் பார்த்திருக்கே."

"பார்த்தேன் அண்ணி. முதல் வாரமே பார்த்துட்டேன்."

"மூணு வாரம்! நம்ம பேச்சு என்ன? ஒருத்திக்குத் தெரிஞ்சது இன்னொருத்திக்கும் தெரியணும். ஒரே நோட்டுல பாடக்குறிப்பு எழுதறோம்டி! வெளி ஆள் முன்னாடி என்னைத் தூக்கி நடு வீதியில வெச்சிட்டியே!"

"இன்னொரு பேச்சும் இருந்துச்சு. பிள்ளைங்க வேலைல தலையிடக் கூடாதுன்னு. அதைச் சொன்னதும் நீங்கதான். ரெண்டும் முட்டிக்கிச்சு அண்ணி. எதை மீறறதுன்னு எனக்குத் தெரியல." நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பத்துத் தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? மறுநாளே அவளைக் கூப்பிட்டிருப்பீங்க. எதுக்கு? அந்தத் தாள்ல கோடு விழணும்னு. அவ அதைக் கண்டுபிடிக்க மாட்டாளா?"

  அந்த அறையில் நாற்காலி இருந்தும் பெரிய டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தப்புதான். நான் சொல்லியிருக்கணும்," என்று பக்கத்தில் உட்கார்ந்தாள் நாத்தனார். "வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொல்றாங்க? அதை மக்காக்கறதே நாமதான் போல."

அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தார். தரையில் இரண்டு டீச்சர்களைப் பார்த்து ஒரு நொடி திகைத்து, கேள்வி கேட்காமல், "அதிகாரி கூப்பிடறார்" என்றார்.

வேலை போனதா, வகுப்பு போனதா என்று படபடத்துக்கொண்டு போனார்கள். அதிகாரி தாளைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

"இருபது வருஷமா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா ஏறி இறங்கறேன்," என்றார். "டீச்சரையே எண்ணிப் பார்க்கலாம்னு பிள்ளைங்களுக்குத் தோணின இடத்தை இன்னிக்குத்தான் பார்க்கறேன். அந்தத் தைரியம் அதுங்களுக்குச் சும்மா வராது. யாரோ கொடுத்திருக்கணும். தடுப்பு மாட்ட வேணாம். வருஷம் முழுக்க இப்படியே நடத்துங்க." கொஞ்சம் தயங்கினார். "இந்தத் தாளை மத்த பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்குக் காட்டணும்னு ஆசை. குழுவைக் கேட்டேன், தரோம்னுட்டாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை சுவர், எத்தனை டீச்சர்கள் அந்தக் காலி இடத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள்? பெரிய டீச்சருக்கு மானம் கப்பலேறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

"அது பிள்ளைங்க வேலை சார்," என்றாள். "அவங்க சரின்னா சரி."

ஜெயித்துவிட்டார்கள். வகுப்பு தேறிவிட்டது. அன்றைக்கு முழுக்க ஆளாளுக்கு வந்து கையைக் குலுக்கினார்கள். அத்தனை பேருக்கும் பெரிய டீச்சர் பேயறைந்த முகத்தோடு தலையை ஆட்டினாள். பள்ளி விடும்வரை மகள் அவளிடம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சாப்பாட்டு மேஜையில் மகள் பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கணவர் கை கழுவிவிட்டு வந்தார். நாத்தனார் மாடிக்குப் போகாமல் கதவோரம் நின்றாள்.

பெரிய டீச்சர் மகளின் முன்னால் மண்டி போட்டாள்.

"கண்ணு, அம்மா பண்ணினது பெரிய தப்பு. உனக்குச் சலுகை கொடுக்கறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு பயந்துட்டேன். அந்தப் பயத்துல உன்னைப் பார்க்காமலே விட்டுட்டேன். நாளையிலிருந்து அப்படி இருக்க மாட்டேன். என்னை மன்னிச்சிடுடா."

சில்வண்டு அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள். ஒன்பது வயதுக்குக் கொஞ்சம் அதிகமான நிதானத்தோடு துடைத்தாள்.

"பரவாயில்லம்மா. எனக்குக் கோபம் எல்லாம் இல்லை. அடுத்த வாரத்துலேருந்து நான் அந்த ஸ்கூல்லயே இருக்க மாட்டேன், அதனால உனக்கும் கஷ்டம் இல்லை."

"என்னது?"

மகள் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, மடிப்பை நீவி, மேஜையில் வைத்தாள். பள்ளி மாறுவதற்கான விண்ணப்பம். இரண்டு தெரு தள்ளி இருக்கிற பள்ளிக்கூடத்தின் பெயர் அதில் இருந்தது. எழுத்து மகளுடையது.

"இது ஏது உனக்கு?"

"ஆபீஸ் ரூம்ல போய்க் கேட்டேன். டீச்சர் பொண்ணுதானேன்னு உடனே கொடுத்துட்டாங்க."

பெரிய டீச்சர் தாளின் அடியைப் பார்த்தாள். பெற்றோர் கையொப்பம் என்று இரண்டு கோடு. முதல் கோட்டில் கணவரின் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் போன வாரத் தேதி.

தலையில் இடி விழுந்தது என்பார்களே, காலையில் விழுந்தது இடியே இல்லை. இதுதான் இடி.

"என்னங்க இது? படிக்காம போட்டீங்களா?"

"படிச்சிட்டுத்தான் போட்டேன்," என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். "மூணு தடவை கேட்டா. ரெண்டு தடவை அழுதுகிட்டே கேட்டா, நான் சமாதானம் சொன்னேன். மூணாவது தடவை அழாம கேட்டா. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"தோணிச்சு. அவதான் வேணாம்னா. அதிகாரி வந்துட்டுப் போகட்டும், அதுவரைக்கும் அம்மா மனசைக் கெடுக்கக் கூடாதுன்னு சொன்னா."

பெரிய டீச்சர் கதவுப் பக்கம் திரும்பினாள். "உனக்கும் தெரியுமா?"

"சத்தியமா தெரியாது அண்ணி!" நாத்தனார் நெஞ்சில் கை வைத்தபடி சுவரில் சாய்ந்துவிட்டாள். "ஏண்டி சில்வண்டு, அத்தைகிட்டகூடச் சொல்லலையே!"

"சொன்னா நீ அம்மாகிட்ட சொல்லிடுவே அத்தை. உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இருக்குல்ல."

 பெரிய டீச்சர் தாளைக் கையில் எடுத்தாள்.  காரணம் என்ற இடத்தில் மகள் நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தாள்: எங்கள் அம்மா எல்லாருக்கும் நல்ல டீச்சர். எனக்கும் ஒரு டீச்சர் வேண்டும்.

படித்தாள். மறுபடியும் படித்தாள். திருத்தி எழுதிக்கொண்டு வா என்று திருப்பிக் கொடுக்க அதில் ஒரு தப்புகூட இல்லை.

"அப்பா போட்டாச்சு. இங்க நீ போடணும்மா. நாளைக்குக் கொடுத்தாத்தான் அடுத்த வாரம் சேர்த்துப்பாங்களாம்," என்ற மகள், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பேனா வேணுமாம்மா?"